அண்டர்சன் டீச்சரின் அக்கறை

மூன்று கணக்கு ஆசிரியர்கள். அண்டர்சன் டீச்சர் ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டுப்பாடம் கொடுப்பார்; தேர்வுக்கு முன்னால் அதைத் தவறாமல் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார். கிராஃபோர்டு சார் வாரத்துக்கு ஒருமுறைதான் கொடுப்பார்; அவரும் தேர்வுக்கு முன்னால் திருப்பிக் கொடுத்துவிடுவார். டால்டன் டீச்சரும் வாரத்துக்கு ஒருமுறைதான். ஆனால் அவரிடம் போனது தேர்வுக்கு முன்னால் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. இப்போது சொல்லுங்கள்: ‘இவர் தம் மாணவர்களின் படிப்பில் அக்கறை உள்ளவர்.’ முழுக்க ஒத்துக்கொள்கிறீர்களா, ஒத்துக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா, முழுக்க மறுக்கிறீர்களா?

மூன்று பேருக்கும் ஆளுக்கொரு டிக் போட்டுவிட்டு மேலே படியுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

இந்த மூன்று பேரும் எங்கும் இல்லாதவர்கள். ஆனாலும் 2012இல் உலகம் முழுக்கப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் இவர்களுக்கு டிக் போட்டார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஓஇசிடி அமைப்பு நடத்திவந்த பீசா தேர்வின் அந்தச் சுற்றில் 65 நாடுகளும் பகுதிகளும் இருந்தன; எழுதியவர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர். செய்தித்தாளில் வருவது கணக்கு, வாசிப்பு, அறிவியல் தரவரிசை மட்டும்தான். தேர்வு முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் கையில் இன்னொரு தாள் வரும். அதில் எந்தக் கேள்விக்கும் சரியான விடை கிடையாது. வீட்டில் எத்தனை புத்தகம் இருக்கிறது, கணக்கு பிடிக்குமா, வகுப்பில் இரைச்சல் அதிகமா, தேவைப்பட்டால் ஆசிரியர் கூடுதலாக உதவுகிறாரா. பிள்ளையின் ஆர்வம், பிள்ளைக்குக் கிடைக்கும் ஆதரவு, வகுப்பில் நடக்கும் கற்பித்தல் மூன்றையும் அளக்க வந்த தாள் அது. எனக்குத் தரவரிசையைவிட இந்தத் தாள்தான் சுவாரசியம். காரணம், அது பல ஆண்டுகளாக ஒரே மாதிரி ஒரு விசித்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு நாட்டுக்குள் பார்த்தால் எல்லாம் நாம் எதிர்பார்ப்பது போலத்தான். கணக்கு பிடிக்கும் என்று சொன்ன பிள்ளை, பிடிக்காது என்று சொன்ன பிள்ளையைவிடக் கூடுதல் மதிப்பெண் வாங்கும். கொரியாவிலும் அப்படித்தான், பெரும்பாலான மற்ற நாடுகளிலும் அப்படித்தான். ஆனால் நாடுகளின் சராசரிகளை ஒரே படத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் கோடு தலைகீழாகிவிடும். கணக்கில் பின்தங்கிய இந்தோனேசியாவிலும் பெருவிலும் பிள்ளைகள் கணக்கு மிகவும் பிடிக்கும் என்கிறார்கள். முன்னணியில் நிற்கும் ஜப்பானிலும் கொரியாவிலும் பிடிக்கவில்லை என்கிறார்கள். 2012 கணக்குத் தேர்வில் கொரியாவின் சராசரி 554, இந்தோனேசியாவின் சராசரி 375. அதே சுற்றில், பள்ளியில் மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று சொன்ன பிள்ளைகளின் பட்டியலில் முதலிடம் இந்தோனேசியா, கடைசி இடம் கொரியா.

கொரியப் பிள்ளைகளின் இரவு நேரத் தனிப்பயிற்சியைப் பற்றிப் படித்தவர்கள், மகிழ்ச்சி இல்லாததில் என்ன ஆச்சரியம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு பகுதி உண்மையாகவே இருக்கும். ஆனால் பெரும்பாலான நாடுகளுக்குள் நேராக ஓடும் உறவு, நாடுகளுக்கிடையே மட்டும் திரும்பி ஓடுவதற்கு அது போதாது. பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள் என்றும் கொள்ள முடியாது. ஐந்து லட்சம் பேர் பேசி வைத்துக்கொண்டா பொய் சொல்வார்கள்?

சிக்கல் எங்கே என்று காட்டியது பாஸ்டன் நகரத்து ஆய்வு ஒன்று. மார்ட்டின் வெஸ்ட், ஏஞ்சலா டக்வொர்த் முதலானோர் செய்து 2016இல் வெளியிட்டது. அங்கே சார்ட்டர் பள்ளிகள் என்று ஒரு வகை உண்டு: அரசுப் பணத்தில் நடப்பவை, ஆனால் தனி நிர்வாகம். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக இருந்தால் குலுக்கல் முறையில் சேர்க்கை. குலுக்கலில் பெயர் விழுந்தவர்களையும் விழாதவர்களையும் ஒப்பிட்டால், வேறுபாட்டுக்குக் குடும்பத்தையோ பிறவித் திறமையையோ காரணம் சொல்ல முடியாது, பள்ளிதான் காரணம். நீண்ட பள்ளி நேரமும் கறாரான ஒழுங்கும் கொண்ட அந்தப் பள்ளிகளுக்குப் போன பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்கள் நன்றாகவே உயர்ந்தன. ஆனால் ‘தொடங்கிய வேலையை முடிப்பேன்’, ‘கடுமையாக உழைப்பேன்’ என்கிற மாதிரிக் கேள்விகளில் அதே பிள்ளைகள் மற்றப் பள்ளிப் பிள்ளைகளைவிடத் தங்களுக்குக் குறைவாகவே டிக் போட்டுக்கொண்டார்கள்.

உழைக்கவைக்கும் பள்ளி பிள்ளையைச் சோம்பேறி ஆக்கிவிட்டதா? அப்படிப் படித்தால் மதிப்பெண் இடிக்கிறது. ஆய்வாளர்கள் வேறு விதமாகப் படித்தார்கள். சுற்றிலும் எல்லாரும் தினமும் இரண்டு மணிநேரம் வீட்டுப்பாடம் செய்யும் இடத்தில், ஒன்றரை மணிநேரம் செய்கிறவன் தன்னைச் சோம்பேறி என்றுதான் நினைப்பான். யாரும் நோட்டையே தொடாத தெருவில் அரைமணி நேரம் உட்காருகிறவன் உழைப்பாளி. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். ‘கடுமையாக’ என்ற சொல்லின் நீளம்தான் இருவருக்கும் வேறு.

துணிக்கடையில் எல்லாக் கடைக்காரர்களும் ஒரே மீட்டர் கோலால் அளக்கிறார்கள். அந்தக் காலத்து மாதிரி முழம் போட்டால் யார் கை என்று கேட்க வேண்டியிருக்கும். ஒத்துக்கொள்கிறேன், மறுக்கிறேன் என்கிற தாள் முழம் போடும் கை. அளக்கப்படுகிறவரே அளக்கிறவரும், கோல் அவருக்குள் இருக்கிறது, பள்ளி மாறினால் கோலும் நீண்டுவிடும், சுருங்கிவிடும்.

இந்தக் கையை ஆய்வுக்குள் கொண்டுவந்தவர் ரென்சிஸ் லிக்கர்ட். நம் பி.எட். வகுப்புகளில் ‘லைக்கர்ட் ஸ்கேல்’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அவர் குடும்பத்தார் உச்சரித்தது லிக்கர்ட். அவருக்கு முன்னால் லூயிஸ் தர்ஸ்டன் மனப்பான்மையை அளக்க ஒரு பெரிய யாகமே நடத்திக்கொண்டிருந்தார். நூற்றுக்கு மேற்பட்ட வாக்கியங்களைச் சீட்டில் எழுதி, சில நூறு நடுவர்களிடம் கொடுத்து, எது எவ்வளவு சாதகம், எது எவ்வளவு பாதகம் என்று அடுக்கச் சொல்லி, அதிலிருந்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் எடை கண்டுபிடிப்பது அவர் முறை. லிக்கர்ட் 1932இல் வெளியிட்ட முனைவர் பட்ட ஆய்வில், நடுவர்களே வேண்டாம் என்றார். ஐந்து பதில்கள், ஒன்று முதல் ஐந்து வரை எண், கூட்டிக்கொள். கிட்டத்தட்ட அதே விடை வருகிறது என்று காட்டினார். அன்றிலிருந்து உலகம் டிக் போடத் தொடங்கியது, இன்னும் நிறுத்தவில்லை.

கூட்டிய எண்ணை நம்பலாமா என்று பார்க்க 1951இல் லீ கிரான்பாக் ஒரு கணக்கைப் பரப்பினார். தமிழ்நாட்டில் எம்.எட். ஆய்வேடு எழுதிய எவருக்கும் ஆல்ஃபா என்றால் 0.7 நினைவுக்கு வரும். அதைத் தாண்டிவிட்டால் வழிகாட்டி தலையசைப்பார். ஆல்ஃபா சொல்வது ஒன்றே ஒன்று: தாளில் உள்ள கேள்விகளுக்கு வந்த பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று. ஒரே கேள்வியைப் பத்து விதமாகத் திருப்பிக் கேட்டாலும் ஆல்ஃபா ஏறும். ஒரு பள்ளியே சேர்ந்து கோலை நீட்டிக்கொண்டிருந்தால் அதன் கண்ணுக்கு அது படவே படாது. எல்லாக் கையும் ஒரே அளவு பெரிது என்றால் முழங்கள் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகும் அல்லவா?

ஆக, பிள்ளையை அளப்பதற்கு முன்னால் பிள்ளையின் கோலை அளக்க வேண்டும். அண்டர்சன் டீச்சர் வந்தது அதற்குத்தான்.

இந்த யோசனை பள்ளிக்கூடத்தில் பிறந்ததல்ல. அரசியல் அறிஞர் கேரி கிங்கும் அவருடைய குழுவும் 2004இல் வெளியிட்ட கட்டுரையில், ‘அரசின் முடிவுகளில் உன் குரலுக்கு மதிப்பு உண்டா?’ என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். வெறுமனே கேட்டால், தேர்தலில் ஆளும் கட்சியையே மாற்றிக் காட்டிய மெக்சிகோக்காரரைவிடச் சீனக் குடிமக்கள் தங்கள் குரலுக்குக் கூடுதல் மதிப்பு இருப்பதாகச் சொன்னார்கள். அதனால் எல்லாருக்கும் ஒரே குட்டிக் கதைகளைக் கொடுத்து, அதில் வரும் ஆட்களுக்கும் டிக் போடச் சொன்னார்கள். கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான். அதற்கு விழும் டிக் மாறினால், மாறியது கோல்தான்.

பீசா இதைப் பிள்ளைகளிடம் கொண்டுபோனது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சியோலில் ஒரு பையன், லிமாவில் ஒரு பெண், இருவரும் என் கற்பனை. ‘தேவைப்படும்போது என் ஆசிரியர் கூடுதலாக உதவுகிறார்’ என்பதற்கு இருவரும் ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்று டிக் போட்டிருக்கிறார்கள். நான்குக்கு மூன்று. பழைய முறையில் இருவரின் ஆசிரியரும் சமம்.

இப்போது கதை ஆசிரியர்களைப் பாருங்கள். பையன் அண்டர்சனுக்கு 3, கிராஃபோர்டுக்கு 2, டால்டனுக்கு 1 கொடுத்திருக்கிறான். கையை இறுக்கிப் பிடிப்பவன். அவன் கோலில், சொந்த ஆசிரியர் நிற்கும் இடம் அண்டர்சனுக்குப் பக்கத்தில். பெண்ணோ அண்டர்சனுக்கு 4, கிராஃபோர்டுக்கும் 4, நோட்டைத் திருப்பித் தராத டால்டனுக்கே 3 கொடுத்திருக்கிறாள். தாராளம். அவள் கோலில் சொந்த ஆசிரியர் நிற்பது டால்டனோடு. மூன்று கதை ஆசிரியர்களை வைத்தால் மொத்தம் ஏழு இடங்கள் கிடைக்கும்: டால்டனுக்குக் கீழே, டால்டனோடு, டால்டனுக்கும் கிராஃபோர்டுக்கும் நடுவே என்று மேலே ஏறி, ஏழாவது இடம் அண்டர்சனுக்கும் மேலே. இந்த ஏணியில் பையனின் ஆசிரியர் ஆறாவது படி. பெண்ணின் ஆசிரியர் இரண்டாவது படி. ஒரே டிக், நான்கு படி வித்தியாசம்.

நீங்கள் போட்ட மூன்று டிக்கையும் இப்போது எடுத்துப் பாருங்கள். உங்கள் கை தாராளமா, இறுக்கமா என்று தெரிந்துவிடும்.

இப்படித் திருத்திய பிறகு, பல அளவைகளில் நாடுகளுக்கிடையே தலைகீழாக ஓடிய கோடு நேராகத் திரும்பியது. புள்ளியியலில் இவ்வளவு எளிமையான ஒரு தந்திரம் இவ்வளவு பெரிய புதிரை அசைத்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனாலும் இதை அப்படியே விழுங்க எனக்குத் தயக்கம் உண்டு. டால்டனை கிராஃபோர்டுக்கு மேலே வைத்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவசரத்தில் தவறாகப் படித்திருக்கலாம். இன்னொரு சிக்கல் ஆழமானது. ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டுப்பாடம் என்பது அக்கறைதானா? அதைக் கொடுமை என்று மனதார நம்பும் பதினைந்து வயதுக்காரரை எனக்குத் தெரியும். என் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அண்டர்சன் ஒரே அண்டர்சன்தான் என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்த ஏணி சாய்ந்து நிற்கிறது.

அதே 2012 தாளில் ஒளித்து வைத்த ஒரு பொறியும் உண்டு. பதினாறு கணக்குச் சொற்களைக் கொடுத்து, எது எவ்வளவு தெரியும் என்று கேட்டார்கள். வெக்டர், பலகோணம், நிகழ்தகவு என்று போகும் பட்டியலில் மூன்று சொற்கள் போலி. இலக்கணச் சொல்லைக் கணக்குச் சொல்லோடு ஒட்டி உருவாக்கியவையும் அதில் உண்டு. தமிழில் செய்தால் ‘வியங்கோள் பின்னம்’ என்பது மாதிரி வரும். இல்லாத அந்தப் பின்னத்தையும் ‘நன்றாகத் தெரியும், புரியும்’ என்று டிக் போட்டவர்கள் ஏராளம். ஆங்கிலம் பேசும் ஒன்பது நாடுகளின் சுமார் 40,000 பிள்ளைகளின் பதில்களை ஜான் ஜெரிமும் அவருடைய கூட்டாளிகளும் அலசி 2019இல் வெளியிட்டார்கள். பெண்களைவிடப் பையன்களும், வசதி குறைந்தவர்களைவிட வசதியானவர்களும் இந்தப் பொறியில் அதிகம் விழுந்தார்கள். அமெரிக்காவும் கனடாவும் முன்னணி.

கோல் நீள்வதைத் தடுக்க இன்னொரு வழி, எவ்வளவு என்று கேட்பதை விட்டுவிட்டு ஏன் என்று கேட்பது. ரிச்சர்ட் ரையனும் ஜேம்ஸ் கானலும் 1989இல் வெளியிட்ட தாள் பிள்ளையிடம் கேட்கும் கேள்வி, வீட்டுப்பாடத்தை ஏன் செய்கிறாய் என்பது. செய்யாவிட்டால் திட்டு விழும், செய்யாவிட்டால் எனக்கே வெட்கமாக இருக்கும், பாடம் புரிய வேண்டும், செய்யப் பிடிக்கிறது. இந்த நான்கு காரணங்களும் வெளியிலிருந்து உள்ளே வரும் நான்கு படிகள். அடுத்தடுத்த படிகள் ஒன்றோடொன்று ஒட்டி வரும், விலகிய படிகள் விலகி வரும் என்று கோட்பாடு சொன்னது. பதில்களும் அப்படியே வந்தன. ஆல்ஃபாவைவிட இந்த மாதிரிச் சாட்சி எனக்கு நம்பகமாகப் படுகிறது. இங்கே கேள்விகள் எல்லாம் ஒத்துப்போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எது எதோடு, எந்த அளவுக்கு ஒத்துப்போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காத்திருந்தார்கள்.

கற்பித்தலை அளப்பது இதையெல்லாம்விட வம்பான வேலை. அதில் எதிர்முனையில் ஒருவரின் சம்பளம் இருக்கிறது.

ஹார்வர்டு பொருளியலாளர் ரொனால்டு ஃபெர்கூசன் உருவாக்கிய டிரைபாட் என்ற தாள் ஒரு வகுப்பை ஏழு பக்கமாகப் பார்க்கிறது. அக்கறை, கட்டுப்பாடு, தெளிவு, சவால், ஈர்ப்பு, பிள்ளைகளைப் பேசவிடுதல், கற்றதைத் திரட்டித் தருதல். ஆங்கிலத்தில் ஏழும் ‘சி’ எழுத்தில் தொடங்கும். இந்த மோகம் அமெரிக்கக் கல்வியாளர்களுக்கு உண்டு, பொறுத்துக்கொள்வோம். கேட்ஸ் அறக்கட்டளையின் பணத்தில் ஆறு மாவட்டங்களில் சுமார் 3,000 ஆசிரியர்களின் வகுப்புகளில் இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளின் தேர்வு முன்னேற்றத்தோடு அதிகம் ஒட்டி நின்றவை எவை தெரியுமா? ‘என் வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியர் சொல்கிறபடி நடந்துகொள்கிறார்கள்’, ‘எங்கள் வகுப்பில் நேரத்தை வீணாக்குவதில்லை’, ‘கிட்டத்தட்டத் தினமும் நிறையக் கற்றுக்கொள்கிறோம்’, ‘எங்கள் தவறுகளைத் திருத்திக்கொள்ளக் கற்றுக்கொள்கிறோம்’. அரசுத் தேர்வுக்குத் தயார்செய்வதில் செலவிடும் நேரம் பற்றிய கேள்வி அவற்றுக்குப் பின்னால்தான் வந்தது.

இந்த வாக்கியங்களை ஒருமுறை திரும்பப் படியுங்கள். ஆசிரியர் நல்லவரா, கெட்டிக்காரரா, பிடித்தவரா என்று எதுவும் இல்லை. பிள்ளை தினமும் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணால் பார்ப்பது மட்டும் இருக்கிறது. மேலும், ஒரே ஆசிரியரை இருபத்தைந்து பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஒருவர் கை நீளம், இன்னொருவர் கை குட்டை. கூட்டிச் சராசரி எடுத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். அண்டர்சன் இல்லாமலே கோல் ஓரளவு நேராகிறது.

கேள்வி மாறினால் கதை மாறும். அமெரிக்க விமானப்படைக் கழகத்தில் எந்த மாணவர் எந்தப் பேராசிரியரிடம் படிப்பது என்பதைக் கிட்டத்தட்டச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் முடிவுசெய்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே வினாத்தாள். ஸ்காட் கேரலும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் அங்கே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். முதல் கால்குலஸ் பாடத்தில் மதிப்பெண்ணை உயர்த்திய பேராசிரியர்களுக்கு மாணவர்களிடம் நல்ல பெயர். அடுத்தடுத்த பாடங்களில் யாருடைய மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்று பார்த்தால், முதல் பாடத்தில் குறைந்த பெயர் வாங்கிய அனுபவசாலிகளுடைய மாணவர்கள். ஹார்வர்டின் இயற்பியல் வகுப்பில் லூயி டெலோரியே குழு 2019இல் காட்டியதும் இதன் தம்பிதான். மெருகான சொற்பொழிவைக் கேட்ட மாணவர்கள் நிறையக் கற்றதாக உணர்ந்தார்கள். தாங்களே முட்டி மோதிக் கணக்குப் போட்டவர்கள் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். பரீட்சை வைத்தால் முட்டி மோதியவர்களே கூடுதலாகக் கற்றிருந்தார்கள். வகுப்பில் என்ன நடந்தது என்பதற்கு மாணவர் நல்ல சாட்சி. தன் மண்டைக்குள் என்ன நடந்தது என்பதற்கு அவ்வளவு நல்ல சாட்சி இல்லை.

நான் படித்த கல்லூரியில் செமஸ்டர் கடைசியில் ஃபீட்பேக் ஃபாரம் கொடுப்பார்கள். கொடுப்பவர், யாரைப் பற்றிய ஃபாரமோ அவரேதான். பூர்த்தி செய்து முடிக்கும்வரை பெஞ்சுகளுக்கிடையே நடந்துகொண்டிருப்பார். இன்டர்னல் மார்க் இன்னும் போடவில்லை. இருபது கேள்விக்கும் வலது ஓரத்துக் கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக டிக் போட எனக்கு அரை நிமிடம் ஆகும். அந்தத் தாளின் ஆல்ஃபா ஒன்றுக்கு மிக அருகில் இருந்திருக்கும்.

விளைவு தொங்கும்போது கோல் தானாக வளையும் என்பதை அளவைகளைச் செய்தவர்களே முதலில் சொன்னார்கள். விடாமுயற்சியை அளக்கும் தாளால் புகழ்பெற்ற ஏஞ்சலா டக்வொர்த், கலிஃபோர்னியாவில் சில மாவட்டங்கள் இப்படிப்பட்ட தாள்களைப் பள்ளிகளை எடைபோடச் சேர்த்தபோது, அந்தத் திட்டக் குழுவிலிருந்து விலகினார். அது 2016. தன் சரக்கை வாங்க வந்தவரிடம் ‘இதற்கு இது உதவாது’ என்று சொல்லும் கடைக்காரரை எனக்குப் பிடிக்கும்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் ஒருமுறை பீசா எழுதியிருக்கிறார்கள். ‘பீசா 2009 பிளஸ்’ என்ற நீட்டிப்பில், 2010இல், தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. முடிவு வந்தபோது இரண்டும் பட்டியலின் கடைசி வரிசைகளில் இருந்தன. கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று தில்லியில் சொன்னார்கள். அடுத்த சுற்றுக்கு இந்தியா போகவில்லை. கேள்வி ஒன்றாக இருந்தும் ஊருக்கு ஊர் பொருள் மாறுகிறதே என்ற அதே தலைவலிக்கு மருந்து தேடி, அண்டர்சனையும் கிராஃபோர்டையும் டால்டனையும் தாளில் ஏற்றியது அந்த அடுத்த சுற்றில்தான். நம் பிள்ளைகள் அவர்களைச் சந்திக்கவே இல்லை.